பாட்டியின் படியும் பேத்தியின் தராசும்



பாபநாசத்திலிருந்து, அண்மையில் மணமாகிய ஒரு சகோதரி எழுதியுள்ளார். தாய்வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த பொருள்களுள் பழைய சமையற் கைப்பிரதி ஒன்றும் உண்டாம். அதில் அரிசி 'ஒரு படி' என்றும், புளி 'இரண்டு பலம்' என்றும், வெல்லம் 'அரை வீசை' என்றும் எழுதப்பட்டிருக்கின்றன. அவர் வீட்டிலோ மின்தராசு ஒன்றுதான் இருக்கிறது. "இவற்றைக் கிராமுக்கு மாற்ற ஒரு வாய்ப்பாடு வெளியிடக் கூடாதா?" என்று கேட்கிறார்.

பலத்துக்கும் வீசைக்கும் வாய்ப்பாடு எளிது. அவை எடைகள், எடையை எடையாக மாற்றுவதில் குழப்பம் ஒன்றும் இல்லை. ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், அதாவது 280 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1,400 கிராம். எட்டு வீசை ஒரு மணங்கு, பதினொரு கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே சகோதரியின் புளி 70 கிராம், வெல்லம் 700 கிராம். தொல்லை தருவது அந்த 'ஒரு படி' மட்டுமே. அது எடையன்று, கொள்ளளவு. அதனினும் பெரிய தொல்லை, எந்தப் படி என்று கைப்பிரதி சொல்லாமல் விட்டிருப்பது.

இதை நான் பட்டறிந்தவள். மணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் அம்மாயி எழுதி வைத்திருந்த குறிப்பு கையில் இருந்தது: பச்சரிசி ஒரு படி, வெல்லம் முக்கால் வீசை. முக்கால் வீசைக்கு முப்பது பலம், அதற்கு 1,050 கிராம் எனக் கணக்கிட்டு, கடையில் நிறுத்து வாங்கினேன். கணக்கில் பிழையில்லை. அரிசியைப் புகுந்த வீட்டு அடுக்களையில் இருந்த படியால் தலைதட்டி அளந்து, ஊறவைத்து, இடித்து, பாகு காய்ச்சிக் கிளறி மூடி வைத்தேன். இருபத்து நான்காம் தேதி காலையில் முதல் அதிரசத்தை எண்ணெயில் இட்டதும் அது விரிந்தது, பிரிந்தது, கரைந்தே போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை இடுவதற்குள் எண்ணெய் கறுத்து நுரைத்துவிட்டது. நான் அழுதுவிட்டேன் என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அத்தை வந்து எட்டிப் பார்த்தார்கள். திட்டவில்லை. "உங்க அம்மாயி வீட்டுல பெரிய படியா, சின்னப் படியாம்மா?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாயி வீட்டில் இருந்தது பித்தளைப் பூண் போட்ட பெரிய படி. நான் அளந்தது அதிற் பாதி கொள்ளும் சின்னப் படி. அரிசி பாதி, வெல்லம் முழுமை; கரையாமல் என்ன செய்யும்? அத்தை மறுபேச்சின்றி இன்னொரு சின்னப் படி பச்சரிசியை ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, அந்தப் பாகு மாவோடு பிசைந்து வைத்தார்கள். இரவுத் திருப்பலிக்குப் புறப்படும் முன் சுட்டெடுத்த அதிரசங்கள் ஒழுங்காக எழும்பி வந்தன.

பின்னொரு நாள் அம்மாயி வீட்டுப் படியில் தண்ணீர் நிரப்பி, லிட்டர் அளவையால் அளந்து பார்த்தேன். 1.7 லிட்டர் கொண்டது. அதில் தலைதட்டி அளந்த பச்சரிசியைத் தராசில் இட்டால் 1,400 கிராம், அதாவது ஒரு வீசை. முக்கால் வீசை வெல்லம் என்று அவர் எழுதியதன் நுட்பம் அன்று விளங்கியது. அரிசியின் எடைக்கு முக்காற் பங்கு வெல்லம் என்ற முறையைத்தான் பாதி கொள்ளளவிலும் பாதி எடையிலும் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குத் தராசு தேவைப்பட்டது வெல்லத்துக்கு மட்டுமே, ஏனெனில் அச்சு வெல்லத்தைப் படியில் அளக்க முடியாது.

ஆகவே பாபநாசத்துச் சகோதரிக்கு நான் சொல்லும் முதல் வேலை வாய்ப்பாடு தேடுவதன்று. அம்மாவுக்கு ஒரு கடிதமோ தொலைபேசியோ போட்டு, அந்த வீட்டுப் படியில் எத்தனை மில்லிலிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஏனெனில் 'படி' என்ற பெயரில் 1.3 லிட்டர் கொள்வதும் உண்டு, 1.7 கொள்வதும் உண்டு. அதிற் பாதி கொள்ளும் சின்னப் படியும் உண்டு. தண்ணீரால் அளப்பதில் ஒரு வசதி இருக்கிறது: ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம். அளவைப் பாத்திரம் இல்லாவிட்டாலும் மின்தராசில் வெறும் படியை வைத்து, பூச்சியமாக்கி, தண்ணீர் ஊற்றினால் தராசு காட்டும் கிராமே அதன் கொள்ளளவு.

ஏடுகளில் படித்த வாய்ப்பாடு ஒழுங்காகவே இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். எல்லாம் சரி. ஆனால் நாழி எவ்வளவு பெரியது என்பதில்தான் ஊருக்கு ஊர் வழக்கு வேறுபட்டது. காவிரிப் படுகையில் இன்றும் பெரியவர்கள் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை என்பார்கள். மூட்டை என்றால் 60 கிலோ நெல் என்பது பேச்சு வழக்கு. அப்படியானால் மரக்கால் நெல் இரண்டரைக் கிலோ. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலோ 40 கிலோ சிப்பமாக நிறுக்கிறார்கள். இதனால் மூட்டைக் கணக்கில் பேசும் தந்தையும் சிப்பக் கணக்கில் பேசும் மகனும் ஒரே விளைச்சலுக்கு இரண்டு எண்ணிக்கை சொல்வதை எங்கள் வீட்டிலேயே கேட்கிறேன்.

இந்த வேறுபாடு பழங்காலத்திலேயே மன்னர்களுக்குத் தெரிந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அறிவார்கள். முதலாம் இராசராசன் காலத்தில் அக்கோவிலுக்கு வரவேண்டிய நெல்லை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்காலால் அளக்க வேண்டும் என்றும், அது 'இராசகேசரி' என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்றும் கல்லில் வெட்டி வைத்தார்கள். பொன்னை நிறுக்கும் எடைக்கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். மரக்கால் என்று மட்டும் எழுதினால் போதாது, எந்த மரக்கால் என்றும் எழுதவேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கர் உணர்ந்திருக்கிறார். அந்த உணர்வு என் அம்மாயிக்கு இல்லாமற் போயிற்று. தன் வீட்டுப் படியைத் தவிர வேறு படியால் எவரும் அளப்பார் என்று அவர் நினைக்கவே இல்லை.

சோழர் கல்வெட்டுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி எனக் கணக்கிட்டு, அதனை 'ஐந்திரண்டு' என்பார்கள். இதைக் கேட்ட என் மகன், "நெல்லுக்கு மூன்றில் இரண்டு பங்கு அரிசி கிடைக்கிறதே, சோழர்கள் ஏமாந்துவிட்டார்களா?" என்று வினவினான். இன்று அரசு ஆலைகளிடம் எதிர்பார்ப்பது நூறு கிலோ நெல்லுக்குப் பச்சரிசியானால் 67 கிலோ, புழுங்கலானால் 68 கிலோ. ஆனால் அது எடைக் கணக்கு. கல்வெட்டு சொல்வது கொள்ளளவுக் கணக்கு. ஒரு லிட்டர் நெல் 570 கிராம் அளவில் இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் அரிசி ஏறத்தாழ 380 கிராம். அரிசி நெல்லைவிட நெருங்கிப் படியுமாதலால் அந்த 380 கிராம் அரை லிட்டரைக்கூட நிரப்பாது. உலக்கையால் குத்தித் தீட்டி, நொய்யும் கழிந்தால் ஐந்துக்கு இரண்டு என்பது மிகப் பொருத்தமான கணக்கே. எடையால் மூன்றில் இரண்டு, அளவால் பாதிக்கும் குறைவு. இரண்டும் ஒரே நெல்.

இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே நம் பொருளின் சாரம் இருக்கிறது. பாத்திரத்தை நிரப்புவது பொருள் மட்டுமன்று, மணிகளுக்கிடையே உள்ள காற்றும்தான். பொருள் மாறினால் காற்றும் மாறும். 200 மில்லி கொள்ளும் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 200 கிராம்; பால் சற்றுக் கூடுதலாக 206; நல்லெண்ணெய் 184; தேன் 280 வரை. அதே டம்ளரில் அரிசியும் சர்க்கரையும் துவரம்பருப்பும் உளுந்தும் ஏறத்தாழ 165 முதல் 170 கிராம் வரை நிற்கும். ரவை 140-ஐ ஒட்டியும், அரிசி மாவு 130-ஐ ஒட்டியும், சலித்த கோதுமை மாவு 110 முதல் 120 வரையும், கடலை மாவு நூற்றை ஒட்டியும் இருக்கும். தூள் உப்போ 240 கிராம்! எண்ணெய் உறையின் மேல் '1 லிட்டர், 910 கிராம்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, கடைக்காரர் 90 கிராம் குறைத்துவிட்டார் என்று சண்டைக்குப் போன அண்டை வீட்டு அம்மாளை எனக்குத் தெரியும். எண்ணெய் தண்ணீரில் மிதப்பது அந்த 90 கிராம் குறைவினால்தான் என்று சொன்னபின் அமைதியானார்.

அரிசியும் உளுந்தும் ஒரே டம்ளரில் ஒத்த எடை உடையவை என்பதைக் கவனித்தீர்களா? இட்லிக்கு நான்குக்கு ஒன்று என்று டம்ளரால் அளந்தாலும் தராசால் நிறுத்தாலும் விகிதம் கெடாமல் இருப்பது அதனால்தான். நம் தாய்மார்கள் தராசின்றி நாள்தோறும் மாவரைத்தும் தவறாமைக்குக் காரணம் கைப்பழக்கம் ஒன்றே அன்று. ஆனால் மாவும் சர்க்கரையும் சேரும் பண்டங்களில் இந்த வசதி இல்லை. 'சம அளவு மாவும் சர்க்கரையும்' என்று ஒருவர் டம்ளரை நினைத்துச் சொல்ல, இன்னொருவர் தராசை நினைத்துக் கேட்டால், முதலாமவருடைய பண்டத்தில் ஒன்றரை மடங்கு சர்க்கரை இருக்கும்.

வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பும் கேக் குறிப்பில் 'ஒரு கப்' என்று இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கக் கப் 237 மில்லி. ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. அமெரிக்க மேசைக்கரண்டி 15 மில்லி, ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20. நம் வீட்டு டம்ளரோ 150-இலிருந்து 250 வரை எதுவாகவும் இருக்கலாம். அமெரிக்கக் கப்பில் சலித்து இட்ட மைதா 120 கிராம் அளவும், சர்க்கரை 200 கிராம் அளவும் நிற்கும். 'ஒரு பவுண்டு வெண்ணெய்' என்றால் 454 கிராம். மாவைப் பையிலேயே டம்ளரை அமிழ்த்தி அள்ளினால் 120 என்பது 150 ஆகிவிடும், கேக் கல்லாகும். மாவைக் கரண்டியால் இட்டுத் தலைதட்டுங்கள். அதைவிட நன்று, நிறுத்துவிடுங்கள்.

தலைதட்டுவது, குவிப்பது, குலுக்குவது என்பவை சிறிய செய்திகள் அல்ல. ஒரு டம்ளர் அரிசியை மேடைமேல் நான்கு முறை தட்டுங்கள். இன்னும் ஒரு கரண்டி அரிசிக்கு இடம் உண்டாகும். லூக்கா நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் தாராளத்தை விளக்க, அமுக்கியும் குலுக்கியும் வழியும்படியாகவும் அளக்கும் அளவையைக் காட்டுகிறார். களத்துமேட்டில் நெல் அளக்கப்படுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த உவமைக்கு உரை தேவையில்லை. மலைப்பொழிவில் விளக்கை மூடும் பாத்திரமாகத் தமிழ் விவிலியம் மரக்காலைச் சொல்கிறது. மூலத்தில் உள்ள உரோமை அளவை ஏறத்தாழ 8.7 லிட்டர் கொள்வது, நம் மரக்காலைப் போல் இரு மடங்கு. மொழிபெயர்த்தோர் எண்ணைப் பார்க்காமல், வீட்டில் இருக்கும் பாத்திரத்தைப் பார்த்திருக்கிறார்கள். அது சரியே.

களத்தில் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, 'இரண்டு', 'மூன்று' என்று தொடர்வார். கேட்க இனிமையான வழக்கம். ஆனால் எல்லாருக்கும் அது லாபமாக இருந்ததில்லை. நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த வீடுகளைப் பற்றி முதியவர்கள் இன்றும் பேசுவார்கள். 1952-ஆம் ஆண்டில் தஞ்சைப் பண்ணையாட்களுக்கென வந்த பாதுகாப்புச் சட்டம் கூலியை மரக்கால் கணக்கிலேயே பேசியது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, நாம் பிறப்பு விழாக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே இரவில், 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்டு எழுந்த போராட்டத்தின் முடிவு அது. அடுக்களைக் குறிப்பில் இதை ஏன் எழுதுகிறாய் என்று சிலர் கேட்கக்கூடும். அரைப்படி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவதை எழுதினேன்.

மெட்ரிக் அளவைகள் வந்ததற்குப் பின் அந்த இரட்டை மரக்காலுக்கு இடம் குறைந்தது. 1956-இல் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அணா போய் நயா பைசா வந்திருந்தது. ஒரே சமயத்தில் காசும் மாறி எடையும் மாறியதால் சந்தைக்குப் போய் வந்த பெண்கள் எவ்வளவு குழம்பினார்கள் என்பதை என் தாயார் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். கடையில் கிலோ வந்தது. அடுக்களையில் படி நின்றுவிட்டது. இன்றும் நாம் வாங்குவது எடையால், உலையிலிடுவது அளவால். இந்த இரண்டுக்கும் இடையே குடும்பத்தின் மாதக் கணக்கு ஊசலாடுகிறது.

அதையும் ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டு ஆழாக்கு, பெரிய படியில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 175 கிராம் அரிசி கொள்ளும். நாளொன்றுக்கு நான்கு ஆழாக்கு என்றால் 700 கிராம். அங்காடியில் 20 கிலோ பெறும் குடும்பத்துக்கு அது 28 நாள் வரும். மாதக் கடைசி இரண்டு நாள் கைமாற்று ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்கும். கடையில் வாங்கும் 26 கிலோ சிப்பம் 37 நாள் வரும். 25 கிலோவாக இருந்த சிப்பம் 26 ஆனது எதனால் என்று வியந்தவர்களுக்கு: 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான உறையிட்ட அரிசிக்கு வரி வந்தது, ஒரு கிலோ கூட்டிவிட்டார்கள்.

திருவிழா விருந்துக்குப் பொருள் எழுதித் தருவோர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஒரு பங்கில் 500 பேருக்குச் சமைக்க வந்த சமையற்காரர், பெரிய படிக்குப் பத்து இலை என்னும் தம் கணக்கின்படி 'அரிசி 50' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். வாங்கப் போன இளைஞர்கள் 50 கிலோ வாங்கி வந்தார்கள். வேண்டியதோ 70 கிலோ. நூற்று நாற்பது இலைக்குச் சோறில்லை. கடைசிப் பந்தியில் அமர்ந்தவர்கள் தொலைவிலிருந்து நடந்து வந்த முதியவர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதாமல் விட்டதே முழுத் தவறும். இரண்டு எழுத்து, 'படி' என்று.

உப்பைப் பற்றி ஒரு சொல். பழைய ஊறுகாய்க் குறிப்புகளில் வரும் உப்பு கல்லுப்பு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்று மிகுதி. அதே படியளவுக்குத் தூள் உப்பைக் கொட்டினால் ஊறுகாய் வாயில் வைக்க முடியாது. எடையால் மாற்றினால் மட்டுமே இங்கே தப்பலாம். மருந்துக்கும் இப்படியே: குழந்தைக்கு மருந்து ஊற்ற அடுக்களைக் கரண்டியை எடுக்காதீர்கள்; ஐந்து மில்லி என்றால் புட்டியோடு வரும் மூடியாலேயே அளவிடுங்கள்.

படி முற்றிலும் போய்விடவில்லை. பொரி விற்பவர் இன்றும் அளந்துதான் விற்கிறார். இப்போது அது லிட்டர் படி. என் அம்மாயியின் பெரிய படி நிறையப் பொரியை நிறுத்துப் பார்த்தேன். இருநூறு கிராம்கூடத் தேறவில்லை. அதே படி நிறைய அரிசி 1,400 கிராம் நிற்கிறது.

பாபநாசத்துச் சகோதரி, உங்கள் கைப்பிரதியின் முதல் பக்கத்தில், உங்கள் தாயாரின் படி இத்தனை மில்லிலிட்டர் கொண்டது என்று மையால் எழுதி, தேதியும் இடுங்கள். பிறகு ஒவ்வொரு பண்டத்தையும் பழைய படியால் ஒரு முறை அளந்து, தராசில் வைத்து, கிடைத்த கிராமைப் பழைய எழுத்தின் பக்கத்திலேயே சிறிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்தை அடிக்க வேண்டாம். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை. அம்மாவின் படி இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் சீக்கிரம் கேட்டுவிடுங்கள். பழைய பாத்திரக்காரர் வாரந்தோறும் தெருவில் வருகிறார்.